‘மாஃபி’ பாடிய ஜெயமணி அண்ணன்

மேடையில் வீற்றிருக்கும் நம் இசைமன்றத்தின் தலைவர் திரு. விஜயபாஸ்கர் அவர்களே! எனக்கு முன்னால் அழகழகாகப் பேசி என் பாட்டைத் திண்டாட்டமாக்கிவிட்டுப் போன பெரியோர்களே! யாராவது ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் துண்டுச்சீட்டு நீட்டுவதற்காகக் கையில் பேனாவோடு காத்திருக்கும் நிகழ்ச்சித் தொகுப்பாளர் தம்பி ஸ்ரீகாந்த் அவர்களே! அபுதாபி முசஃபாவில் டூட்டி முடித்து, சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறி, இந்த ஷார்ஜா முவைலா வரைக்கும் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! குடும்பத்தோடு வந்திருக்கும் ஷார்ஜா மக்களே! இதோ, இந்த மைக்குக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருக்கும் கைபேசி வழியாகச் சிவகங்கைச் சீமையிலிருந்து நம்மோடு இருக்கும், நம் ஜெயமணி அண்ணனின் துணைவியார் சரசு அண்ணி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சந்திரகலாவின் வணக்கம்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். எதையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவள். இன்றைக்கும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ‘இசைச்செம்மல் ஜெயமணி அவர்களின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று தொடங்கியிருக்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அதை நான் படிக்கப்போவதில்லை. ஏன் தெரியுமா? படி ஏறி மேடைக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் தொங்குகிற பேனரைப் பார்த்தேன். அதோடு என் இரண்டு பக்கமும் போயிற்று.

நீங்களும் பாருங்கள். அண்ணனின் படம் இருக்கிறது. நல்ல படம். சிரித்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கீழே, ‘இசைச்செம்மல் ஜெயமணியின் புதிய இசைத்தொகுப்பு’ என்று போட்டிருக்கிறது. அதற்கும் கீழே, பெரிய எழுத்தில், ‘நன்றி’ என்று போட்டிருக்கிறது.

நன்றியா? எந்த நன்றி? யாருக்கு நன்றி? அண்ணன் வைத்த பெயர் அதுவா? இந்தத் தொகுப்பில் அவர் பாடியது பத்துப் பாட்டு. பக்கத்தில் நின்று ஒத்துப் பாடியவள் நான். அங்கே பேனர் ஓரத்தில் அச்சடித்துத் தொங்குவது ஒன்பது பாட்டின் பெயர். தொகுப்புக்கே பெயர் கொடுத்த பாட்டு எங்கே போயிற்று? யார் எடுத்தது? யாரைக் கேட்டு எடுத்தது?

பொறுங்கள், பொறுங்கள். வருகிறேன். இரங்கல் கூட்டத்தில் சண்டை போடக் கூடாது என்று எனக்கும் தெரியும். முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்திருக்கும் பிள்ளைகள் பலருக்கு அவர் யார் என்றே தெரியாது.

ஜெயமணி அண்ணன் பஸ் ஓட்டினார். முசஃபா தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கட்டட வேலை நடக்கிற சைட்டில் இறக்கிவிடுவார், சாயந்தரம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். அது அவர் பிழைப்பு. அவர் பாடியது ரெக்கே. ஜமைக்கா என்று ஒரு தீவு. அங்கே கரும்பு வெட்டுவதற்காகக் கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்தார் உண்டாக்கிய பாட்டு அது. அதிலும் அண்ணன் பாடியது வேர்ப்பாட்டு. ‘ரூட்ஸ் ரெக்கே’ என்பார்கள். குத்தாட்டத்துக்கு இல்லை. நான் யார், எங்கிருந்து வந்தேன், என்னை யார் என்ன செய்கிறார்கள், நான் யாரை என்ன செய்கிறேன் என்று மனசாட்சியோடு கேட்கிற பாட்டு.

இந்த ‘ரூட்ஸ்’ பட்ட பாடு இருக்கிறதே! நம் மன்றத்தின் முதல் விழாவில், ஒரு பெரியவர் அவரை அறிமுகம் செய்தார். ‘அடுத்து வருபவர் பேருந்து ஓட்டுநர். ஆகவே பல்வேறு ரூட்டுகளைப் பற்றிப் பாடுவார்’ என்றார்! அரங்கமே கைதட்டியது. அண்ணன் திருத்தினாரா? இல்லையே! மைக்கை வாங்கி, ‘வணக்கம்ங்க. முதல் ரூட்டு, கேம்ப்புலேர்ந்து சைட்டு. ரெண்டாவது ரூட்டு, சைட்டுலேர்ந்து கேம்ப்பு. மூணாவது ரூட்டுக்கு லீவு கிடைக்கல’ என்றார். பின்வரிசையில் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பாடினார்.

நான் அவரைச் சந்தித்ததும் பஸ்ஸில்தான். மன்றத்துப் பிக்னிக்குக்கு ஃபுஜைரா போனோம். அவர்தான் வண்டி ஓட்டினார். ஓட்டிக்கொண்டே பாடினார். நான் இரண்டாவது வரிசை. சும்மா இருக்கிறவளா நான்? ‘டிரைவர் அண்ணே, மேல் ஸ்தாயியில் சுதி விலகுகிறது’ என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ‘டீச்சர், குறை சொல்ற வாயால கூடப் பாடலாம்ல?’ என்றார். பாடினேன். அன்று பிடித்தவள்தான், பன்னிரண்டு வருஷமாக விடவில்லை.

எங்கள் ஒத்திகை எங்கே நடந்தது தெரியுமா? சைட் வாசலில், ஆட்கள் வெளியே வருவதற்காக நிறுத்தியிருக்கிற காலி பஸ்ஸில். தாளத்துக்கு என்ன செய்வார் தெரியுமா? பஸ்ஸின் இண்டிகேட்டரைப் போட்டுவிடுவார்! டிக், டிக், டிக், டிக். அதுதான் எங்களுக்குத் தாளக்கட்டு. பின்னால் வரும் வண்டிக்காரன் இந்தப் பஸ் கிளம்பப்போகிறது என்று நினைத்து ஒதுங்கி நிற்பான். நிற்பான், நிற்பான், பொறுமை போய் ஹாரன் அடிப்பான். அண்ணன் ஜன்னலைத் திறந்து, ‘பாய், பாட்டு முடியட்டும்’ என்பார்!

கேம்ப் பொங்கல் விழாவில் நம் மக்கள் எல்லோரும் உற்சாகமாகக் கை தட்டினார்கள். எங்கே தட்டினார்கள்? நாலு எண்ணினால் முதல் எண்ணில். நமக்கு அதுதானே பழக்கம்! ஆனால் ரெக்கேயில் முதல் எண்ணில் டிரம் விழாது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாவதில்தான் விழும். அண்ணன் பாட்டை நிறுத்தினார். ‘அண்ணமாரே, நீங்க தட்டுற இடத்துல தட்டாதீங்க. தட்டாத இடத்துல தட்டுங்க’ என்றார். அரை மணி நேரம் அந்த மைதானத்தில் கை தட்டப் பழக்கினார். இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா என்று பார்க்காதீர்கள். சிரியுங்கள். அவர் இருந்தால் சிரிக்கத்தான் வைத்திருப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் போய்விட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேம்ப்பில் லீவு நாள். அவர் எழுந்திருக்கவில்லை. பாவம், வாரம் முழுக்க வண்டி ஓட்டுகிறவர், நன்றாகத் தூங்கட்டும் என்று ரூமில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்கள். டீ போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். லைட் போடாமல் சமைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள், மூன்றாவது வரிசையில். தம்பிகளா, அதை நினைத்து உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். நீங்கள் எழுப்பியிருந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

எனக்கு முன்னால் பேசிய மூவரும் அவரைத் தியாகி என்றார்கள். குடும்பத்துக்காகத் தன்னையே கொடுத்த தியாகி என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் நான் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை விழா நோட்டீஸில் அப்படிப் போடப் போனேன். அவர் பதறிப்போய், ‘டீச்சர், வேற என்ன வேணா போடுங்க. அது மட்டும் வேணாம்’ என்றார். அடக்கத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஸ்ரீகாந்த் தம்பி சீட்டு கொடுத்துவிட்டார். ‘மேடம், நேரம்’ என்று எழுதியிருக்கிறது. தம்பி, இதைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொள்கிறேன். நான் இன்னும் சொல்ல வந்ததற்கே வரவில்லை.

அந்தப் பத்தாவது பாட்டு! அதன் பெயர் ‘மாஃபி’. அதுதான் தொகுப்பின் பெயரும். வளைகுடாவில் ஒரு வாரம் இருந்தவருக்குக்கூட அந்தச் சொல் தெரியும். மாஃபி என்றால் இல்லை. தண்ணி மாஃபி. கரண்ட் மாஃபி. லீவு மாஃபி. அரபி மொழியில் நம் ஆட்கள் கற்றுக்கொள்கிற முதல் சொல் அதுதான், ஏனென்றால் முதலில் காதில் விழுவதும் அதுதான்.

ஆனால் ஜெயமணி அண்ணன் நேராகச் சிவகங்கையிலிருந்து இங்கே வந்தவர் இல்லை. நடுவில் பம்பாயில் ஆறேழு வருஷம் லாரி கிளீனராக இருந்தவர். இந்தி நன்றாகத் தெரியும். பம்பாயில் ‘மாஃபி’ என்றால் என்ன? இந்தி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆம்! மன்னிப்பு! ‘மாஃபி’ கேட்டான் என்றால் மன்னிப்புக் கேட்டான் என்று அர்த்தம்.

இந்த அறிவோடு அண்ணன் முதன்முதலாக வந்து இறங்கியது சவூதியில், அல் கோபாரில். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பர் வேலை. முதல் நாள் ஸ்டோருக்குப் போய் க்ளவுஸ் கேட்கிறார். ஸ்டோர்க்காரர் வயதான ஏமன்காரர். தலையைக்கூட நிமிர்த்தாமல், ‘மாஃபி!’ என்கிறார். அண்ணனுக்கு மனசு உருகிவிட்டது. பெரிய மனுஷர், ஒரு க்ளவுஸ் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்கிறாரே! அவர் தோளைத் தட்டி, ‘கோயி பாத் நஹி, பாய்’, அதாவது ‘பரவாயில்லை, விடுங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாளும் போனார். மாஃபி. அன்றைக்கும் தோளைத் தட்டினார். ரூமுக்கு வந்து, ‘எவ்வளவு மரியாதையான ஊருடா இது! எதைக் கேட்டாலும் மன்னிப்புக் கேக்குறானுக’ என்று சொல்லியிருக்கிறார்!

அடுத்த தடவை போனபோது அந்த ஏமன் பெரியவர் இவரை நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று விரட்டினால் திட்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தோளைத் தட்டிவிட்டுப் போகிறவனைப் பார்த்ததில்லை. மேஜைக்குள் கையை விட்டு, தன்னுடைய சொந்த க்ளவுஸை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பிறகு ரூமில் இருந்தவர் விளக்கினாராம். ‘அடேய், அந்தாளு எங்கடா மன்னிப்புக் கேட்டான்? இல்லை போடான்னு சொல்லியிருக்கான்.’ அதற்கு நம் ஆள் சொன்ன பதில்: ‘அவன் எதுக்குச் சொன்னா என்னண்ணே? நான் மன்னிச்சாச்சே.’

இதுதான் அந்தப் பாட்டு! இல்லை என்று சொல்கிறவன் குரலுக்குள்ளே, மன்னித்துவிடு என்று ஒரு குரல் இருக்கிறது என்பதுதான் அந்தப் பாட்டு. ‘டீச்சர், அரபியில இல்லைன்னு வருது, இந்தியில மன்னிச்சிருன்னு வருது. நம்ம ஆளுக்கு ரெண்டும் ஒண்ணா வருது’ என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கினார். எங்களுக்கு அதில் வரிகள் கிடையாது. அவர் ஒரு வரி சொல்வார், நாங்கள் ‘மாஃபி’ என்போம். அந்த ஒற்றைச் சொல்லை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிப் பாட வைத்தார். முதல் சரணத்தில் அதட்டலாக. அடுத்ததில் அலுப்பாக. கடைசிச் சரணத்தில்... அதை விடுங்கள்.

இப்போது தலைவர் அவர்களைக் கேட்கிறேன். ஐயா, ஸ்டூடியோ பிடித்துக் கொடுத்தவர் நீங்கள். இந்தத் தொகுப்பு வருவதே உங்களால்தான். மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அந்தப் பாட்டின் பாதியைத்தானே கேட்டீர்கள்? பதிவு முடியாத நேரத்தில் உங்களுக்கு அனுப்பியது முதல் இரண்டு சரணம் மட்டும்தான். அதைக் கேட்டால் புகார் மாதிரித்தான் தெரியும். தண்ணி இல்லை, லீவு இல்லை என்று பாடினால் நமக்கு ஏதாவது சிக்கல் வருமோ என்று பயந்துவிட்டீர்களா? பயந்துபோய் ஒரு மனிதன் கடைசியாகப் பாடிய பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் தலைக்கு மேலே ‘நன்றி’ என்று எழுதித் தொங்கவிட்டீர்களா? உயிரோடு இருந்தபோது ‘இசைச்செம்மல்’ என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து அவரைக் கூச வைத்தோம். போன பிறகு பாட்டையே மாற்றுவதா? வாயில்லாதவர் ஆகிவிட்டார் என்பதாலா? கேட்க ஆள் இல்லை என்பதாலா?

தலைவர் எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் ஐயா. எனக்குப் பதில் வேண்டும்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. தலைவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். ‘மேடம், அந்தப் பாட்டை எடுத்தது நான் இல்லை. எடுக்கச் சொன்னது சரசு அக்கா. பாட்டோட பேரைச் சொன்னதுமே வேணாம்னு போனை வச்சுட்டாங்க. அவங்க பேர் வெளியே வர வேண்டாம்னுதான் நான் வாயைத் திறக்கலை. என்னைத் திட்டிக்கோங்க, பரவாயில்லை’ என்கிறார்.

ஐயா, என்னை மன்னிக்க வேண்டும்.

சரசு அண்ணி... லைனில் இருக்கிறீர்களா? அண்ணி பேசுகிறார்கள். கொஞ்சம் அமைதியாக இருங்கள். ஸ்ரீகாந்த், அந்த ஏசிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கைபேசியை மைக்கிடம் பிடிக்கிறேன். எல்லோரும் கேளுங்கள்.

‘டீச்சரம்மா, பாஸ்கர் சாரைத் திட்டாதிய. நாந்தேன் வேணாம்னேன். இருவது வருசத்துக்கு மேல அந்த மனுசன் போனுல எனக்குச் சொன்னது அந்த ஒத்த வார்த்தைதேன். தீவாளிக்கு வாரியளா? லீவு மாஃபி. எனக்கு கர்ப்பப்பை ஆப்ரேசன், பயமா இருக்கு, வாரியளா? லீவு மாஃபி. மக புள்ள பெத்துருக்கா, வந்து பாக்குறியளா? மாஃபி. இப்பச் செத்தும் போயிட்டாரு. அந்த வார்த்தைய அட்டையில அச்சடிச்சு, ஊரு பூரா பாட்டாப் போடணுமாக்கும்? அதை இன்னொருக்காக் கேக்க எனக்குத் தெம்பில்லம்மா.’

எல்லோரும் கேட்டீர்கள்.

மேடையில் நின்று, கையை ஆட்டி ஆட்டி, ஒரு பாட்டுக்காகச் சண்டை போட்டேன். அந்தப் பாட்டை வேண்டாம் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் உரிமை உண்டு. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முறைப்படி இந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட வேண்டும். ஒன்பது பாட்டோடு ‘நன்றி’ வெளிவர வேண்டும். கலாஸ், கதை முடிந்தது.

ஆனால் நான் உட்காரப்போவதில்லை. ஏனென்றால் அண்ணி அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. தலைப்பைக் கேட்டதோடு போனை வைத்துவிட்டார்கள். கடைசிச் சரணத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது. அது இந்த அரங்கத்தில் எனக்கும், எங்கள் வாத்தியக்காரர்களுக்கும் மட்டும்தான் தெரியும். சொன்னால் அண்ணிக்கு வலிக்கும். சொல்லாவிட்டால், இல்லை என்கிற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். எது பாவம்? எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை!

அண்ணி, நீங்களே சொல்லுங்கள். அந்தப் பாட்டில் கடைசியாக ஒரு சரணம் இருக்கிறது. அது உங்களுக்கு. அதில் உங்களுக்கு ஆறுதலும் இருக்கிறது, உங்களுக்குக் கோபம் வருகிற விஷயமும் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றால், கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

என்ன சொல்கிறார்கள் என்றால், ‘எல்லாருக்கும் பாட்டாப் பாடுனதுதான? எல்லாரும் கேக்கட்டும். படிங்க’ என்கிறார்கள்.

சரி அண்ணி. பாட என்னால் முடியாது. படிக்கிறேன்.

*வயித்தைக் கிழிச்சாக, வாரியளான்னு கேட்ட.*
*லீவு மாஃபின்னு சொன்னேன்.*
*கண்ணு முழிச்சதும் வாசலைப் பாத்தியாமே.*
*லீவு மாஃபின்னு சொன்னேன்.*
*லீவு இருந்துச்சு சரசு,*
*நான்தான் மாஃபி.*

இதற்குப் பிறகு நாங்கள் மூன்று தடவை ‘மாஃபி’ என்போம். கெஞ்சுகிற மாதிரிப் பாட வேண்டும் என்றார். டிரம் இருக்காது, கிடார் இருக்காது. அதோடு பாட்டு முடிந்துவிடும்.

அண்ணி, உங்களுக்கு இந்தி தெரியாது. ஆகவே இன்னொரு தடவை சொல்கிறேன். அந்த மூன்று தடவையும் அது ‘இல்லை’ இல்லை. மன்னிச்சிரு, மன்னிச்சிரு, மன்னிச்சிரு.

உங்களுக்கு ஆபரேஷன் நடந்த அந்த மாதம் அவருக்கு லீவு கிடைத்திருந்தது. அந்த லீவில்தான் இங்கே ஷார்ஜாவில் உட்கார்ந்து எங்களோடு முதல் தொகுப்பைப் பதிவு செய்தார். ‘ஊருக்குப் போகவில்லையா அண்ணே?’ என்று கேட்டோம். ‘ஊர்ல எல்லாரும் சௌக்கியம்’ என்றார். எங்களிடம் ஒரு பொய், உங்களிடம் ஒரு பொய். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அவர் பாடகர் என்றே யாருக்கும் தெரிந்திருக்காது, இன்றைக்கு இவ்வளவு பேர் இங்கே கூடியிருக்க மாட்டார்கள். அது உண்மை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கண் விழித்து வாசலைப் பார்த்ததும் உண்மை. இந்தச் சரணத்தைப் பதிவு செய்கிற அன்றைக்குத்தான் அவர் எங்களிடம் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்டூடியோ கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ‘போன்ல சொன்னா அழுவா டீச்சர். பாட்டுன்னா முழுசாக் கேப்பா’ என்றார். முழுசாக் கேட்பீர்கள் என்று நம்பித்தான் அண்ணி தொகுப்புக்கே அந்தப் பெயர் வைத்தார். அந்தப் பெயரே உங்களைக் கேட்க விடாமல் செய்துவிடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு மொழி தெரிந்த மனிதர் ஒரு மொழிதான் தெரிந்த பெண்டாட்டிக்குப் பாட்டுக் கட்டினால் இப்படித்தான் ஆகும்!

இவ்வளவுதான் அண்ணி. இனி உங்கள் இஷ்டம். வேண்டாம் என்றால் வேண்டாம். நான் வாய் திறக்க மாட்டேன்.

...

அண்ணி லைனில்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. யாரும் வெளியே போகாதீர்கள். தம்பி, சீட்டு வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

பேசுகிறார்கள். மைக்கில் பிடிக்கிறேன்.

‘லீவு இருந்துச்சாக்கும்... எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சும்மா. போனுல பின்னாடி யாரோ கொட்டு அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. எங்க இருக்கியன்னு கேட்டேன். சைட்டுன்னாரு. சைட்டுல எவன் கொட்டு அடிப்பான்? சரி, கேட்டா மட்டும் என்னாகப் போகுதுன்னு விட்டுட்டேன். இப்பப் பாட்டுல வந்து கேக்குறாரு. டீச்சரம்மா, நான் மன்னிக்கல. எல்லாருக்கும் முன்னாடியே சொல்றேன், நான் மன்னிக்கல. ஆனா பாட்டை எடுக்காதிய. போடுங்க. பேரையும் அதையே வைங்க. ஊரு ஊராப் போடுங்க. அவரு கேட்டுக்கிட்டே கெடக்கட்டும்.’

அண்ணி... வைத்துவிட்டார்கள்.

தலைவர் எழுந்து நின்று தலையை ஆட்டுகிறார். நன்றி ஐயா. பத்துப் பாட்டும் வரும். அண்ணன் வைத்த பெயரில் வரும்.

அன்பார்ந்த பெரியோர்களே! இரங்கல் உரையை எப்படி முடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் ஆன்மா சாந்தியடையட்டும் என்று சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணியே சாந்தி கொடுக்காதபோது நான் யார் கொடுப்பதற்கு? எனக்கு அவர் மீது கோபமாகவும் இருக்கிறது, அவர் இல்லாமல் நெஞ்சு காலியாகவும் இருக்கிறது. இந்த இரண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் வந்ததிலிருந்து படபடவென்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு உறுதி சொல்ல முடியும். பாடகர் போய்விட்டார், பாட்டுக்காரர்கள் நாங்கள் நாலு பேர் மிச்சம் இருக்கிறோம். டிரம் அடிக்கிற தம்பி இருக்கிறார், கிடார் இருக்கிறது, பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்துவிட்டார், அவரிடமும் பேசிவிட்டேன், காலி வண்டியில் எங்களை உட்கார விடுவார். பொங்கலுக்குக் கேம்ப்பில் பாடுவோம். இங்கே பாடுவோம். கூப்பிட்டால் அல் கோபாரில் போய்ப் பாடுவோம். முடிந்தால், அண்ணி அனுமதித்தால், சிவகங்கையில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று பாடுவோம். கடைசிச் சரணத்தை ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் பாடுவோம்.

ஜெயமணி அண்ணே! உங்களுக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டியதை இனி நாங்கள் கேட்கிறோம். சரசு அண்ணி ‘போதும்’ என்று சொல்கிற வரைக்கும் நிறுத்த மாட்டோம்.